நாலு குரல் பெட்டி

சென்னியப்பனுக்கு நாற்பத்தொன்பது வயது. மெல்லிசைக் குழுவில் இருபத்தேழு வருஷம் கீபோர்டு வாசித்தவர். அவருடைய குரு நஸ்ரினுக்கு இருபத்துநாலு. காந்திபுரத்து மாடியறை ஒன்றில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பெட்டிகளிலேயே பாட்டு அமைக்கவும் தெரிந்தவள். முதல் நாள் அவளை "அம்மணி" என்று கூப்பிட்டவர், ஒரே வாரத்தில் "டீச்சர்" என்று மாறிவிட்டார். அவள் கைவேலை அப்படி.

அந்தப் பெட்டிக்கு நாலே குரல். இரண்டு மெட்டுப் பாடும். ஒன்று கீழே நின்று தாங்கும். நாலாவதுக்கு வெறும் இரைச்சல்தான் வரும். டிரம், சிம்பல் எல்லாவற்றையும் அதற்குள்தான் அடக்க வேண்டும்.

கேம் இசைப் பைத்தியங்கள் கோவையில் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். மேடையில் பாட்டின் பெயரைச் சொல்லக்கூடாது. அடையாளம் கண்டவர் தன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். போன வருஷம் சென்னியப்பனுக்கு இரண்டே பெட்டிகள் எழுந்தன. அதில் ஒன்று முதுகு சொறிவதற்காக எழுந்தது. மனுஷர் நொந்துபோனார்.

இந்த வருஷமும் அதே பாட்டோடு நஸ்ரின் முன்னால் வந்து நின்றார். ஒரு விளையாட்டில் வரும் பாலத்துப் பாட்டு. எண்பது பேர் கூடி வாசித்த ஒலிப்பதிவை இணையத்தில் கேட்டு மனசைப் பறிகொடுத்திருந்தார்.

"நாலு குரல் பத்தலீங்க டீச்சர்," என்றார். "நடுவுல நாலு தாள அடி வருதுங்களே, அங்க சிம்பல் வெச்சா டிரம் செத்துப்போகுது. டிரம் வெச்சா சிம்பல் போகுது. பதிமூணு தடவ மாத்திப் போட்டுட்டேன். அஞ்சாவது குரலுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

நஸ்ரின் பாட்டைக் கேட்கவே இல்லை. "வலது கையைக் காட்டுங்ணா," என்றாள்.

காட்டினார். கட்டைவிரல் நுனியை அழுத்திப் பார்த்தாள்.

"பூ மாதிரி இருக்கு. பாலம் தாண்டியிருக்கீங்களா?"

"எந்தப் பாலமுங்க?"

அவள் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, அந்தப் பாட்டு வரும் விளையாட்டைச் சொருகி, அவர் கையில் வைத்தாள்.

"தாண்டிட்டு வாங்க."

"டீச்சர், இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்குது. நான் பாட்டைப் பத்திக் கேட்டா..."

அவள் அதற்குள் சால்டரிங் வேலையில் குனிந்துவிட்டாள்.

வீட்டில் அவர் மனைவி சரோஜினி தலையில் அடித்துக்கொண்டாள். "பேரன் எடுக்கற வயசுல பொம்மைய வெச்சுட்டு உக்காந்திருக்கீங்களே, நல்லாவா இருக்குது?"

நல்லாத்தான் இல்லை. கீபோர்டில் பத்து விரலும் பறக்கிற ஆளை ஒரு பொத்தான் படாதபாடு படுத்தியது. பள்ளத்தில் விழுந்தார், முள்ளில் விழுந்தார். நாலாம் நாள் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. ஏழாம் நாள் அது உடைந்து, பிளாஸ்திரி போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் பாலம் வந்தது. ஓட ஓடப் பின்னால் பலகைகள் சரிந்தன. அவருடைய செல்லப் பாட்டு காதுக்குள் உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. எதிரே நாலு பலகை மட்டும், தனித்தனியாக. தாவ வேண்டும். எண்பது பேர் டிரம்மும் சிம்பலுமாக முழங்கிய அந்த நாலு அடியில் இங்கே இசை இல்லை, டிரம் இல்லை, சிம்பல் இல்லை. அவருடைய பொத்தான் சத்தம் மட்டும்.

டக். டக். டக். விழுந்தார்.

முப்பது தடவைக்கு மேல் விழுந்து, சாயங்காலம் தாண்டினார். அவர் போட்ட கூச்சலில் சரோஜினி அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மறுநாள் தன் பாட்டைத் திறந்தார். ஓட்டத்துக்குத் தக்கபடி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். நடுவில் வரும் நாலு அடியில் வைத்திருந்ததை எல்லாம் அழித்தார். பதிமூன்று தடவை மாற்றிப் போட்ட இடம்.

"காலியா இருக்குதுங்க டீச்சர்," என்றார். "எங்க கச்சேரியில சத்தம் நின்னா ஃபியூஸ் போச்சுன்னு அர்த்தம். பயமா இருக்குது."

"இருக்கட்டும்ணா," என்றாள் நஸ்ரின்.

அரங்கில் இருநூறு பேர். சென்னியப்பன் பெட்டியை ஸ்பீக்கரோடு இணைத்து, ஸ்டார்ட்டை அழுத்தினார். முதல் வரியில் மூன்று பெட்டிகள் எழுந்தன. இரண்டாவதில் எட்டோ ஒன்பதோ. பரவாயில்லை, போன வருஷத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பாட்டு ஏறியது, ஏறியது, நின்றது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டக்.

பின்வரிசையில் யாரோ தன் பெட்டியின் பொத்தானை அழுத்தியது.

டக். இப்போது பத்துப் பதினைந்து பேர்.

டக். பாதி அரங்கம்.

டக்! இருநூறு கட்டைவிரல்கள் ஒரே சமயத்தில்.

பெட்டியின் நாலு குரலும் திரும்ப வந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். எல்லாப் பெட்டிகளும் தலைக்கு மேலே இருந்தன. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. சரோஜினி, கையில் பெட்டி இல்லாத குறைக்குத் தன் கைப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இருபத்தேழு வருஷக் கச்சேரியில் அப்படி ஒரு சத்தத்தை அவர் வாங்கியதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

கீழே இறங்கியதும் நேரே நஸ்ரினிடம் போனார்.

"டீச்சர், நான் வெச்சது நாலு குரல்தான். அஞ்சாவது எங்கிருந்துங்க வந்துச்சு?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து நிமிர்த்தினாள். கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்த இடத்தில் தோல் வட்டமாகக் காய்த்துப் போயிருந்தது. தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அங்கேயும் அதே வட்டம்.

"இங்க இருந்துதாண்ணா," என்றாள்.