தோற்றவனுக்கான எழுத்து

“எழுத்து எல்லாம் அளவாத்தான் வந்திருக்கு டீச்சர். ஆனா செத்துக் கிடக்கு,” என்றார் ஜெபராஜ்.

பாளையங்கோட்டைக்காரர். ஐம்பதை நெருங்கும் வயதில் தனியாளாக ஒரு சண்டை வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். அதற்கான தமிழ் எழுத்துகளையும் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து அவரே வரைந்தார்.

அப்படி வரையக் கற்றுக்கொடுத்தவர் ரஹ்மத் டீச்சர். ஜெபராஜைவிட வயதில் மிகவும் இளையவர்.

டீச்சர் கேமை ஓடவிட்டார். எதையும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு வேண்டுமென்றே அடி வாங்கினார். அவருடைய வீரன் சரிந்தான்.

திரையில் சிவப்பாக வந்தது: தோல்வி.

“இந்தத் ‘தோ’வை எத்தனையோ தடவை மாத்திட்டேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமா நிக்கி.”

“சின்ன வயசுல எங்க விளையாடுவீங்க அண்ணாச்சி?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. காசு போட்டு ஆடுற மிஷின். நானும் எங்க அண்ணனும் போவோம்.”

“அதுல தோத்தா என்ன எழுத்து வரும்?”

“ஜப்பான் எழுத்து. யாருக்கு வாசிக்கத் தெரியும்?” ஜெபராஜ் சிரித்தார். “அண்ணன்தான் வாசிப்பான்.”

“அவருக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?”

“எங்க தெரியும். நான் தோத்து முழிச்சிட்டு நிப்பேன். அவன் கண்ணாடியில விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிப்பான். ‘எந்திரிலே’ன்னு.”



“அண்ணன் இப்ப எங்க?”

“மஸ்கட்ல. வீட்டைப் பாகம் பிரிச்சதுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல.”

டீச்சர் ‘தோல்வி’யை அழித்தார். வெறும் கட்டங்கள் மிஞ்சின.

மவுஸை ஜெபராஜின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தேநீர் போட எழுந்து போனார்.

ஜெபராஜ் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘எ’வுக்கு முதல் புள்ளியை வைத்தார்.

கேமைச் செய்து முடித்ததும் மஸ்கட்டுக்கு அனுப்பினார். கூட ஒரு வரியும் எழுதவில்லை.

வெகுநாள் பதில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டீச்சரோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.



“ஏலே,” என்றான் அண்ணன். “காலையில இருந்து தோத்துக்கிட்டே இருக்கேம்லே.”