அசையாத கை

மாட்டுத் தரகர் பொங்கியண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குரு நாச்சிமுத்து சாமிக்கு முப்பத்தைந்து. வயதைச் சொல்லி யாராவது சிரித்தால் தரகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நீ காளை வாங்கறப்ப தாடியைப் பார்த்தா வாங்கறே?" என்பார்.

நாலு வருஷமாக அவர் சாமிக்குச் சீடர். சாமி சொன்ன எதையும் இதுவரை கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

அன்று உச்சிவெயிலில் மடத்துக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, ஒரே கேள்வி. அரை வயிறு சோறுதான் திங்கறேன். இந்தத் தொப்பை எங்கிருந்துங்க வருது?"

சாமி வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணா. மோர் குடிக்கறீங்களா?"

"மோருக்கெல்லாம் நேரமில்லீங்க. காலு குச்சியாப் போச்சு, மூஞ்சி உப்பிப் போச்சு, வயிறு மட்டும் வளருது. காலையில பத்து மணிக்கே தெம்பெல்லாம் வடிஞ்சு போயிருது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. அப்புறம் தூக்கமாவது ஒன்னாவது. எந்திரிச்சுப் போயி டப்பாவுல இருக்கற வெல்லத்தை..."

நிறுத்திக்கொண்டார்.

"வெல்லத்தை?"

"கொஞ்சமாத்தானுங்க."

போன வாரச் சந்தையில் ஒரு காளையின் கயிற்றைப் பிடித்து நின்றவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாணிமேலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஆனதில்லை. "மாமனுக்கு ஓய்வு குடுத்தரலாமப்பா" என்று பின்னால் ஒரு குரல். அவரிடமே தொழில் கற்ற சென்னியப்பன்தான். நாளைக்குத் தேர்ச் சந்தை, வருஷத்தில் பெரிய சந்தை. அங்கேயும் கால் மடங்கினால் அப்புறம் ஒரு கன்றுக்குட்டியைக்கூட யாரும் அவரை நம்பி விடமாட்டார்கள்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"அந்தாளு கதை விடறான் சாமி. கவலையும் பரபரப்புமா இருந்தா உடம்புக்குள்ள ஏதோ சுரக்குதாமா. ஆபத்து வந்துருச்சுன்னு நெனச்சு ரத்தத்துல சர்க்கரையை ஏத்தி உடுமாமா. நிக்காம சுரந்தா வயித்துல கொழுப்புக் கட்டுமாமா, தூக்கம் போயிருமாமா. நான் எவனுக்குங்க பயந்தேன்? கோவத்துல அவன் குடுத்த சீட்டை அங்கயே..."

"கிழிச்சுட்டீங்களா?"

"மடிச்சு வெச்சிருக்கறேன்."

சாமி சிரித்தார். தரகருக்கு அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

"சிரிக்காதீங்க. நீங்க சரி பண்ணி உடுங்க. எத்தனை நாளு வேணுமோ இங்கயே கெடக்கறேன். ஆனா நாளைக்குச் சந்தை."

"எத்தனை நாளு இருப்பீங்க?"

இந்தக் கேள்வி போதும் பொங்கியண்ணனுக்கு. பேரம் என்றால் அவருக்கு ரத்தம் சூடேறிவிடும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோள் துண்டை உருவினார்.

"எங்க தொழில்ல வெலையை வாயில சொல்றதில்லீங்க. கையக் குடுங்க. ஒரு வெரலுன்னா ஒரு நாளு."

சாமி கையைக் கொடுத்தார். துண்டு இரண்டு கைகளையும் மூடியது.

பேரம் பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நம் கண்ணே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பொங்கியண்ணன் எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, துண்டுக்குள் சாமியின் ஒரு விரலைப் பிடித்தார்.

கை அசையவில்லை.

அசையாத கைதான் பொல்லாத கை. கொடுத்தது போதாது என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. வாயில் சொல்லக் கூடாது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"செரி, ரெண்டு. சென்னியப்பன் சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான்."

கை அசையவில்லை.

"மூணு. தேர்ச் சந்தையே போச்சு, பாத்துக்கங்க."

அசையவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். பத்து. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் இறங்கியது. இப்படி ஓர் அழுத்தக்காரனை அவர் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. இந்த ஆள் எங்கேயோ பெரிய இடத்தில் மாடு விற்றிருக்க வேண்டும்!

"இருவது! கல்லு மனசுங்க உங்களுக்கு. முப்பது! போதுமா? செரி, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு! வெல்லத்தையும் உட்டுட்டேன்! இதுக்கு மேல வேணும்னா என்ற உசுரைத்தான் எடுத்துக்கோணும்!"

மெல்ல ஒரு குறட்டை கேட்டது.

துண்டைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினார். சாமி மரத்தில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"சாமீ!"

சாமி கண் விழித்தார். "முடிஞ்சுதுங்களா?"

"என்னங்க முடிஞ்சுதுங்களா? எப்பத் தூங்குனீங்க?"

"நீங்க துண்டைப் போட்டதுமே. எதமா இருந்துச்சு."

"நான் இங்க நாப்பத்தெட்டு நாளு வரைக்கும் ஏறிட்டேன்! சட்டை நனைஞ்சு போச்சு. நெஞ்சு இடிக்குது. கையப் புடிச்சுப் பாருங்க!"

சாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஆமாங்க. பந்தயத்துல ஓடின காளையாட்ட அடிக்குது. யாரோட பேசுனீங்க?"

"உங்களோடதான்!"

"நான் ஒன்னுமே கேக்கலீங்களே அண்ணா."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னால் நாலு காளைகள். ஓட்டுநர் பக்கத்திலிருந்து சென்னியப்பன் தலையை நீட்டினான்.

"மாமா! சந்தைப் பேட்டைக்கு இப்பவே போனாத்தான் எடம் கெடைக்கும். ஏறுங்க! இல்ல, நானே பாத்துக்கட்டுமா? நீங்க நெழல்லயே இருங்க, வெயிலு உங்களுக்கு ஆகாது!"

வேனுக்குள் இன்னொருவன் சிரித்தான்.

பொங்கியண்ணன் துள்ளி எழுந்தார். இரண்டு அடி வைப்பதற்குள் கண் இருட்டியது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, ஒரே பேச்சு. நாளைக்கு என்னால நிக்க முடியுமா, முடியாதா?"

"சந்தை வாரத்துல எத்தனை நாளுங்க?"

"ஒரு நாளு. அது தெரியாதுங்களா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும். உங்க ஒடம்புக்குத்தான் தெரியல. எந்நேரம் கெளம்புவீங்களோன்னு தெனமும் கட்டுச்சோறு கட்டி, வயித்துல சொமந்துட்டு வாசல்லயே நிக்குது. இன்னைக்குப் பயணம் இல்லைன்னு அதுக்கு யாருங்கண்ணா சொல்றது?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. பொங்கியண்ணன் மரத்தை விடவில்லை. வேன் கிளம்பிப் போய், அதன் சத்தம் அடங்கியதும் பாயில் வந்து உட்கார்ந்து, "அந்த மோரைக் குடுங்க சாமி" என்றார்.