ஒரு விரற்கடை நகர்ந்த கல்

அந்தக் காலத்தில் ஆந்தைக்கு இப்படி முட்டைக்கண் கிடையாது. புறாவுக்கு இருப்பதுபோல் அடக்கமான சின்னக் கண்தான். வௌவாலின் குரலும் எல்லோர் காதிலும் விழுந்தது. விழுந்தது என்ன, காதைக் குடைந்தது. மிருகமும் பறவையும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த மலைக்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் புதுப் பொந்துக்குக் குடிபோனாலும் முதலில் ஆந்தை வந்து பார்க்க வேண்டும். நேராக ஒரு பார்வை, பக்கவாட்டில் ஒரு பார்வை, கீழிருந்து ஒரு பார்வை. பிறகு இறக்கையால் வாசலைத் தட்டி, "பார்த்தாச்சு" என்று சொல்லும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மைனா நிம்மதியாக முட்டையிடும், அணில் பஞ்சு மெத்தை போடும். மூன்று மரம் தள்ளி இலைக்கடியில் ஒளிந்திருக்கும் பச்சைப் புழுவைக்கூட ஆந்தை கண்டுபிடித்துவிடும். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யாருக்குத்தான் வராது?

வௌவால் வேறு மாதிரி. எங்கே போனாலும் முன்னால் ஒரு கத்து கத்தும். பட்டுத் திரும்பி வரும் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "இங்கே சுவரு, அங்கே வேரு, நடுவுல ஒரு பூச்சி" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். ஆனால் நிறம் மட்டும் அதற்குப் பிடிபடாது. ஒருமுறை, "உருண்டையா பெரிய பழம் தொங்குது, வா!" என்று அணிலைக் கூட்டிப்போனது. போய்ப் பார்த்தால் பல்லே இறங்காத பச்சைக் காய். அதற்குப் பிறகு வௌவால் வாயைத் திறந்தாலே காடு சிரித்தது.

ஓர் ஐப்பசி மாதம், ஆந்தை குடியிருந்த மரம் காற்றில் முறிந்து விழுந்தது. ஆந்தைக்கு இருந்தது ஒரே குஞ்சு. இரண்டு தடவை முட்டை கூமுட்டையாகிப் போய், மூன்றாவதாகப் பொரித்த பிள்ளை. இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. கிழக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் குஞ்சு விறைத்துப் போகும்.

குஞ்சைக் காலால் பதமாகப் பற்றிக்கொண்டு ஆந்தை ஒரு பாறைக் குடைவுக்கு வந்தது. கூடவே மைனாவும் அணிலும் வந்தன. ஆந்தை வழக்கப்படி மூன்று முறை பார்த்தது. உள்ளே உலர்ந்த தரை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டைக் கல். வேறொன்றுமில்லை. வாசலைத் தட்டி, "பார்த்தாச்சு" என்றது.

குடைவின் மேல்விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால் உள்ளே பார்த்து ஒரு கத்து கத்தியது. உடனே அதன் காது விறைத்தது.

"அக்கா, அது கல்லு இல்ல."

"பின்னே?" என்றது ஆந்தை.

"கல்லுல பட்டா என் சத்தம் சுள்ளுன்னு திரும்பி வரும். இது அமுங்கி வருது. சதையில பட்ட மாதிரி."

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "பச்சைக் காயைப் பழம்னு சொன்ன வாய்தானே இது?"

"காய் விஷயத்துல என் மேலதான் தப்பு, ஒத்துக்கிறேன். எனக்கு நிறம் தெரியாது. ஆனா தூரம் தெரியும்." வௌவால் இன்னொரு முறை கத்தியது. "அக்கா... மொதல்ல கத்துனப்போ இருந்த இடத்துல இப்போ அது இல்ல. ஒரு விரற்கடை கிட்ட வந்திருக்கு."

ஆந்தை மறுபடி பார்த்தது. கல் கல்லாகத்தான் தெரிந்தது.

ஒரு குச்சியைத் தூக்கி உள்ளே போட்டுப் பார்த்திருந்தாலே போதும். ஆந்தைக்கு மனசு வரவில்லை. "பார்த்தாச்சு" என்று சொன்னதை அது ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை. அதுவும் வௌவால் சொல்லி, அணிலுக்கு முன்னால் வாங்குவதா?

"நான் பார்த்த பொந்துல என் பிள்ளையையே விடுறேன். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்று சொல்லி, தானே குஞ்சை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றது. குளிரில் நடுங்கிய குஞ்சு கல்லோரமாகப் போய் ஒண்டியது.

வௌவால் கத்தியது. யாரும் திரும்பவில்லை. குரலை இன்னும் உயர்த்திக் கத்தியது. இன்னும் உயர்த்தியது. அப்போது என்னவோ ஆகிவிட்டது. வாய் அகலத் திறந்திருக்கிறது, தொண்டை துடிக்கிறது, சத்தத்தை மட்டும் காணோம். எந்தக் காதுக்கும் எட்டாத உயரத்துக்கு அந்தக் குரல் ஏறிப் போயிருந்தது.

"பாரு, தொண்டையே அடைச்சுப் போச்சு" என்றது அணில்.

அந்த நேரத்தில்தான் கல் சுருள் பிரிந்தது.

மலைப்பாம்பு! ஆந்தையின் கண் எதையும் விடாது அல்லவா? பாம்பின் வாய் திறந்ததைப் பார்த்தது. குஞ்சு அம்மா பக்கம் திரும்பியதைப் பார்த்தது. பாய்ந்து போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தரையில் மெல்லிய தூவல் இறகு ஒன்று மட்டும் கிடந்தது. சொல்லும்போதே எனக்கு உடம்பு பதறுகிறது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆந்தையின் கண் விரிந்தது. விரிந்து விரிந்து முகத்தில் பாதியாகி, அப்படியே நிலைகுத்தி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது உருளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அணில், "அக்கா, அக்கா" என்று அழுதது. ஆந்தை தலையை மட்டும் முழுசாகத் திருப்பி வௌவாலைத் தேடியது. வௌவால் இன்னும் வாயைத் திறந்து கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆந்தை அதன் பக்கம் காதைச் சாய்த்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல்தான் வௌவால் நம் காதுக்கு எட்டாத குரலில் கத்திக்கொண்டே பறக்கிறது. ஆந்தையோ அதிர்ந்த கண் அதிர்ந்தபடியே, எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் தலையைச் சாய்த்துச் சாய்த்து, அன்று கேட்காமல் விட்டதைக் கேட்டுவிடப் பார்க்கிறது.