சுகன்யா மேடம் படிக்கிற நேரம்

ஜெசிந்தா டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. தென்காசியில் ஒரு மொட்டை மாடியில் மீன்தொட்டிச் செடிகளை வளர்த்து ஆன்லைனில் விற்கிறார். வயது இருபத்தாறு. ஊரில் ஆன்லைன் வியாபாரம் செய்கிறவர்கள் எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் அந்த மாடிக்குத்தான் போவார்கள். டீச்சர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. ஆனாலும் போனவர்கள் ஏதோ கிடைத்த மாதிரிதான் இறங்கி வருவார்கள். யாரோ கிண்டலாக டீச்சர் என்று கூப்பிடப் போய், அதுவே ஒட்டிக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை லிங்கதுரை மாடி ஏறி வந்தார். டீச்சரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஏறும்போதே போனை எடுத்துப் பார்த்தார். பைக்குள் போட்டார். அடுத்த படியில் மறுபடி எடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல டீச்சர். ஒரே ஒரு கேள்விதான். நான் எப்போ படிக்க?"

"என்ன படிக்க?"

"குழந்தைங்களுக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது. அதான்."

"எதுக்கு?"

லிங்கதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிகளைத் தவிர யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சுகன்யா மேடத்துக்கு ஒண்ணுமே தெரியாது டீச்சர்."

"யாரு சுகன்யா மேடம்?"

"நான்தான்."

டீச்சர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

லிங்கதுரை 'தாலேலோ சத்துமாவு' என்று குழந்தைகளுக்கான மாவு விற்கிறார். கம்பெனி ஒரே அறை. அதற்குள் நாலு பேர் வேலை செய்கிறார்கள். கஸ்டமர் கேர் வர்ஷினி, மேனேஜர் சேஷாத்ரி, பேக்கிங் பிரிவு மாசானம் அண்ணாச்சி, டயட்டீஷியன் சுகன்யா மேடம். நாலு பேரும் லிங்கதுரைதான். மூக்கைப் பிடித்தால் ஒருத்தி, தாடையை உள்ளே இழுத்தால் ஒருத்தர்.

"ஒத்த ஆளுன்னா எவன் நம்புவான் டீச்சர்? பச்சப் பிள்ளைக்கு வாங்குறவங்க, பெரிய கம்பெனியான்னுதான் பாப்பாங்க. அதான் மொதல்ல வர்ஷினியப் போட்டேன். பொம்பளக் குரல்னா கொஞ்சம் மெதுவாத் திட்டுவாங்கன்னு பாத்தேன். 'உங்க மேனேஜரக் கூப்பிடு'ன்னாங்க. சேஷாத்ரி வந்தாரு. அவரு திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா? மாசானம் அண்ணாச்சி வந்தாரு."

"சுகன்யா மேடம்?"

"தாய்மாரு சந்தேகம் கேக்க ஆரம்பிச்சாங்க."

லிங்கதுரையின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மத்த மூணு பேரும் பொய்யா இருந்தாலும் சரக்கு போய்ச் சேந்துரும் டீச்சர். இவங்க அப்படி இல்ல. பிள்ளைக்கு வயித்தால போகுது, என்ன கொடுக்கன்னு கேக்காங்க. நான் வாய்க்கு வந்ததச் சொல்லுதேன். அவங்களும் அப்படியே கொடுக்காங்க. இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல. நடந்துட்டா? அதான், அவங்களப் படிக்க வச்சிரலாம்னு பாக்கேன். வியாபாரத்த விட முடியாது. படிப்பையும் விட முடியாது. நேரம்தான் அம்புடல."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். டைம்டேபிள். லேமினேஷன் செய்து, கட்டம் கட்டமாகக் கலர் அடித்திருந்தது.

"பச்சை வியாபாரம். நீலம் படிப்பு."

"மஞ்சள்?"

"படிக்கிறதுக்கு மனசத் தயார் பண்ணுறது."

மஞ்சள்தான் அதிகமாக இருந்தது.

"இது சரியா வரலியா?"

"எதுவுமே வரல டீச்சர். வீடியோ பாக்கேன்லா. ஒருத்தர் நாலு மணிக்கு எந்திரிங்கார். எந்திரிச்சேன். அமெரிக்காவுல இருந்து ஒரு அம்மா, 'பார்சல் எங்க இருக்கு'ன்னு கேட்டு போன். அவங்களுக்கு அது சாயங்காலம்லா! இன்னொருத்தர், படிக்கும்போது போனை வேற ரூம்ல வைங்கார். எனக்கு இருக்கதே ஒரு ரூம். நீங்க எப்போ படிக்கீங்க டீச்சர்?"

"போன வாரம் படிச்சேன்."

"எத்தன மணிக்கு?"

"செடி ஒண்ணு மஞ்சளாச்சு. அப்போ."

லிங்கதுரை காத்திருந்தார். அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இப்போ உங்க அட்டையில என்ன கலர் ஓடுது?" என்று டீச்சர் கேட்டார்.

"நீலம்."

"அப்போ படிங்க."

"இங்கயேவா? போனை அணைச்சிரவா?"

"வேண்டாம். வியாபாரமும் நடக்கட்டும்."

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். லிங்கதுரை ஒரு கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்தார். மடி நிறைந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"பாடம் ஒன்று. புரதம். புரதம் என்பது…"

போன் அடித்தது. லிங்கதுரை மூக்கைப் பிடித்தார்.

"வணக்கம், தாலேலோ, நான் வர்ஷினி பேசறேன்!"

"ஏம்மா வர்ஷினி, மதுரையில இருந்து பேசுறேன். பார்சல அனுப்புனியா, இல்ல நீயே கிண்டித் தின்னுட்டியா?"

"ஸாரி சார், ஒரு நிமிஷம், மேனேஜர் சாருக்கு லைன் கொடுக்கறேன்."

காத்திருக்கிறவர்களுக்கான இசையை லிங்கதுரை வாயாலேயே வாசித்தார். டிங், டிடிங், டிங். பிறகு தாடை உள்ளே போனது.

"யெஸ். சேஷாத்ரி."

"யோவ் மேனேஜரு, என்னய்யா கம்பெனி நடத்துறீங்க?"

"ஒன் மினிட் சார். மாசானம்! ஓய் மாசானம்! மதுரைப் பார்சல் என்னாச்சு?"

"அனுப்பிட்டம்லா சாமி…" என்று தூரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் இருமியது. தூரம் வருவதற்காக லிங்கதுரை முகத்தைத் திருப்பி ஒரு தொட்டிக்குள் பேசினார்.

"அனுப்பினா ஏன்யா போகல? உனக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்?"

இப்படித் தன்னைத் தானே திட்டி, தானே இருமி, தானே கெஞ்சினார். மதுரைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி சரி, விடுங்க சார். வயசான மனுசனப் போயி இந்தத் திட்டுத் திட்டிக்கிட்டு. நாளைக்கு வந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டு லிங்கதுரை நெற்றியைத் துடைத்தார்.

"புரதம் என்பது…"

போன் அடித்தது.

"அலோ! இன்னாம்மா, மாவுல முந்திரி கீதா, இல்லியா? கவர் மேல படம் போட்டுக்கிறீங்க, உள்ள ஒண்ணியும் காணோமே?"

வர்ஷினி முந்திரியை அரைத்துத்தான் போடுவோம் என்று விளக்கினாள். அரைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென்னைக்காரர் கேட்டார். அதற்கு சேஷாத்ரி வரவேண்டியிருந்தது.

"புரதம் என்பது…"

டீச்சர் அழுகின இலைகளை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். லிங்கதுரை அதே வரியில் விரலை வைத்தார். விரல் வரியில் இருந்தது. கண் போனில் இருந்தது. அது அடிப்பதற்கு முன்னாலேயே கை போய்விட்டது.

"ஏனுங்க, தாலேலோங்களா? கோயமுத்தூருப் பக்கமிருந்து பேசறேனுங்க. சுகன்யா மேடத்துகிட்டப் பேசோணுமுங்க."

டிங், டிடிங், டிங். லிங்கதுரை கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். குரல் நிதானமாக, படித்த குரலாக வந்தது.

"வணக்கம்மா, சுகன்யா. பேபிக்கு என்ன வயசு?"

"எட்டு மாசமுங்க மேடம். உங்க மாவுலதான் கஞ்சி காச்சிக் கிண்ணத்துல ஊத்தி வெச்சிருக்கறேன். வாயத் தொறக்க மாட்டேங்கறா. வாய்க்குள்ள போனதயும் துப்பிப் போடறா. எங்க வீட்டுக்காரரு மலைத்தேன் வாங்கியாந்திருக்காருங்க. ஒரு ஸ்பூன் ஊத்திக் கொடுத்தாக் குடிச்சுக்குவாளாட்டம் இருக்குது. ஊத்தட்டுங்களா? பாட்டில கையிலதான் வெச்சிருக்கறேன். நீங்க சொன்னாச் சரிங்க."

"தேன்தானேம்மா?" என்றார் சுகன்யா மேடம். "தேன்னா அது ரொம்ப நேச்சுரல்…"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"அண்ணாச்சி," என்றார் டீச்சர் மெதுவாக. "உங்களுக்குத் தெரியுமா?"

லிங்கதுரை போனை உள்ளங்கையால் பொத்தினார். "தேன் நல்லதுதான டீச்சர்?"

"எனக்குத் தெரியாது."

லிங்கதுரை அவரையே பார்த்தார். இந்த மாடியில் அப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"புஸ்தகத்துல இருக்குமா?" என்று டீச்சர் கேட்டார்.

"இருக்கும். ஆனா அந்தப் பாடம் இன்னைக்கு இல்ல." அட்டையில் ஒரு நீலக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைங்க. வியாழக்கிழமை."

"மேடம்?" என்றது உள்ளங்கை. "ஊத்தட்டுங்களா மேடம்?"

டீச்சர் ஈரக் கையோடு வந்து போனை வாங்கினார். உதட்டருகே வைத்துக்கொண்டார்.

"டிங்," என்றார். "டிடிங். டிங்."

டீச்சருக்குச் சுருதி கிடையாது. ரிவர்ஸ் எடுக்கிற வேன் மாதிரி இருந்தது. வாசித்துக்கொண்டே கண்ணால் புத்தகத்தைக் காட்டினார்.

லிங்கதுரை பக்கங்களைத் தள்ளினார். புரதம் போனது, மாவுச்சத்து போனது, கொழுப்பு போனது. அட்டை மடியிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. ஒரு தலைப்பைத் தாண்டிப் போய், திரும்ப வந்து, விரலை ஊன்றினார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு பத்தியை முடித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

டிங், டிடிங், டிங்.

"ஏனுங்க, பாட்டு வேற மாதிரி கேக்குதுங்களே," என்றது போன்.

லிங்கதுரை போனை வாங்கினார். சுகன்யா மேடத்துக்காகக் கழுத்தை நீட்டினார். குரல் வரவில்லை. தாடையை இழுத்துப் பார்த்தார். சேஷாத்ரியும் வரவில்லை.

"ஊத்தாதீங்கம்மா," என்றார். சொந்தத் தென்காசிக் குரல். "ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க. ஒரு வயசு முடியுற வரைக்கும் தேனே ஆகாது."

"ஏனுங்க? தேன் போயி…"

"அதுல ஒரு கிருமி இருக்குமாம். நமக்கு ஒண்ணும் பண்ணாதாம். கைப்பிள்ளை குடல்ல அது வளந்துருமாம். கைகால் தொவண்டு போயி, மூச்சு வரைக்கும்…" மேற்கொண்டு வாசிக்க முடியாமல் நிறுத்தினார். "இப்பத்தாம்மா வாசிச்சேன்."

போனில் பின்னால் ஒரு குழந்தை தரையைத் தட்டிக்கொண்டு ஏதோ பேசியது.

"நீங்க யாருங்க?"

லிங்கதுரை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிங்கதுரைம்மா. மாவு அரைக்கிறது, பொட்டலம் போடுறது எல்லாம் நான்தான்."

"மேடம் எங்கீங்க?"

"மேடம்னு யாரும் இல்லம்மா. அதுவும் நான்தான்."

"அடக் கெரகமே!" என்றது போன். பிறகு, "அப்ப இப்பச் சொன்னது நெசமுங்களா? இதுவும் அப்படித்தானுங்களா?"

"புஸ்தகத்துல இருக்கத அப்படியே வாசிச்சேம்மா. சந்தேகம்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. அதுவரைக்கும் தேனை மட்டும் தொடாதீங்க."

லிங்கதுரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வைத்துவிடுவாளோ என்று பயந்தார். கோபத்தில் ஊற்றிவிடுவாளோ என்றும் பயந்தார்.

மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

"அலமாரி மேல தூக்கி வெச்சுப் போட்டேனுங்க," என்றாள் அவள். "இருங்க, உங்களோட சண்டைய அப்பறம் வெச்சுக்கறேன். இப்பக் கஞ்சியில என்னதான் போட்டுக் கொடுக்கறதுங்க? பசியில இருக்கறா."

லிங்கதுரை வாயைத் திறந்தார். பேரீச்சை, வெல்லம், கற்கண்டு என்று வாய்க்கு வந்ததெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. மூடிக்கொண்டார்.

"தெரியாதும்மா," என்றார்.

தாலேலோ கம்பெனியில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. வர்ஷினியும் சொன்னதில்லை, சேஷாத்ரியும் சொன்னதில்லை.

"பாத்துட்டுக் கூப்பிடுதேன்."

"பாருங்க. கிண்ணத்த வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

போன் அணைந்தது. லிங்கதுரை எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஈரத்தரையில் கிடந்த அட்டையை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"டீச்சர், இப்போ என்ன பண்ணலாம்னா, வியாழக்கிழமையத் தூக்கித் திங்கள்ல போட்டுருதேன். புரதம் வெள்ளிக்குப் போகட்டும். மஞ்சளக் கொறச்சு, காலையில ஒரு நீலம் கூட்டலாம். காலையில முடியாதோ? அப்போ சாயங்காலம். சாயங்காலம் கூரியர்க்காரன் வருவான். நீங்க இன்னும் பதிலே சொல்லலியே டீச்சர். நான் எப்போதான் படிக்க?"

டீச்சர் ஓர் இலையை நறுக்கித் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தார்.

"அங்க கஞ்சி ஆறுது, அண்ணாச்சி."