பால் தந்தவளுக்குப் பலாப்பழ நன்றி

ஒரு காட்டில், ஓடையைத் தாண்டி மூங்கில் புதருக்குள், தாயை இழந்த குட்டிகளுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. அதை நடத்தியவள் ஒரு முள்ளம்பன்றி. நல்ல மனசுக்காரி. ஆனால் நின்று பேச நேரமில்லாத அவசரக்காரி.

மற்ற விலங்குகள் தருவதை வைத்துத்தான் காப்பகம் நடந்தது. யானை பலாப்பழம் தந்தது. கரடி தேன் தந்தது. காட்டெருமை தினமும் ஒரு குடுக்கை பால் தந்தாள். மந்தி போய் அதைக் கறந்து வரும்.

அந்தப் பாலை நம்பி ஒரு மான்குட்டி இருந்தது. அது இன்னும் புல் தின்னப் பழகவில்லை. பால் இல்லாவிட்டால் அதற்கு வேறு ஆகாரமே இல்லை.

முதன்முதலில் யானை பலாப்பழம் தந்த அன்று, முள்ளம்பன்றி கிளியைக் கூப்பிட்டாள்.

"நன்றி சொல்ல எனக்கு எங்கே நேரம்? நீ போய், 'வள்ளலே, தாங்கள் தந்த பலாப்பழத்துக்கு நன்றி, அடுத்த முறையும் தாருங்கள்' என்று சொல்லிவிட்டு வா. இனி யார் எதைத் தந்தாலும் நன்றி சொல்வது உன் வேலை."

கிளி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். அதற்கு மேல் யோசிக்காது.

ஒரு நாள் காலையில் மந்தி வெறும் குடுக்கையோடு முள்ளம்பன்றியிடம் திரும்பி வந்தது.

"எருமையக்கா பால் தரமாட்டாளாம். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கரடியும் இந்த வாரம் தேன் தரவில்லை, கவனித்தாயா?"

"பால் வற்றியிருக்கும்."

"வற்றவா? மடி நிறையப் பால் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்!"

இது என்ன அதிசயம்? பால் இருக்கிறது, ஆனால் தர மனமில்லை. ஏன்? முள்ளம்பன்றிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலத்துக்குள் மான்குட்டி தலையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டது. பாலில்லாத குட்டி எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்கள்?

மறுநாள் விடிந்ததும் முள்ளம்பன்றி எல்லா வேலையையும் போட்டுவிட்டு, முதல் தடவையாகத் தானே காட்டெருமையைத் தேடிப் போனாள்.

"அக்கா, என் கிளி நன்றி சொல்ல ஒரு நாளாவது தவறியதா?"

"தவறவில்லை. தினமும் வந்தது. தினமும் பலாப்பழத்துக்கு நன்றி சொன்னது."

"பலாப்பழத்துக்கா?"

"எனக்கு ஏதம்மா பலாமரம்?"

பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்த கரடி, "எனக்கும் அதே கதைதான்!" என்றது. "தேனீ கொட்டி மூக்கு வீங்கியது எனக்கு, பேர் வாங்கியது பலாப்பழம்!"

காட்டெருமை சிரிக்கவில்லை.

"என் கன்றைப் புலி கொண்டுபோயிற்று. அதற்குச் சுரந்த பாலைத்தான் உனக்குக் கொடுத்தேன். அதைக் குடிப்பது யார்? அந்தப் பிள்ளை பிழைத்ததா, இல்லையா? யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கொடுப்பது என்னவென்றே தெரியாதவர்கள், அதைக் கீழேதான் கொட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்."

முள்ளம்பன்றியின் முட்களெல்லாம் மடங்கிவிட்டன. சாக்குச் சொல்லாமல் திரும்பி ஓடினாள். மந்தியின் தோளில் மான்குட்டியை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தப்பு என்மேல்தான். உன் பாலைக் குடித்தவன் இவன். வந்த அன்று இவனால் நிற்கக்கூட முடியவில்லை. பத்தாம் நாள் எழுந்தான். முந்தாநாள் என் வாலைக் கடித்து உதட்டைக் குத்திக்கொண்டான்."

காட்டெருமை குனிந்து முகர்ந்தாள். மான்குட்டி தள்ளாடி எழுந்து, அவள் வயிற்றுக்குக் கீழே புகுந்து மடியைத் தேடியது.

"மெல்ல, மெல்ல! அவசரத்தைப் பார்!" என்றாள் காட்டெருமை. குட்டிக்கு எட்டும்படி காலை அகட்டி, அசையாமல் நின்றாள்.

முள்ளம்பன்றி கரடியிடம் போனாள். "அண்ணா, உங்கள் தேனைத் தடவித்தான் முயல்குட்டியின் தீக்காயம் ஆறியது. ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"இப்போதே வரலாமா?" என்று கரடி பாறையிலிருந்து குதித்தது.

மறுநாள் காலையில் மந்தி குடுக்கையோடு கிளம்புவதற்குள், காட்டெருமை ஓடையைக் கடந்து காப்பக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என் பிள்ளை எழுந்துவிட்டானா?" என்று கேட்டாள்.

நீதி: கொடுத்தவரிடம், அவர் கொடுத்தது எந்த உயிரைக் காத்தது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள், அந்த நன்றிதான் உறவை நிலைக்க வைக்கும்.