குளக்கரையில் நட்சத்திரக் கோரை

கோரையைப் பிடுங்கிவிட்டார்கள். புல்லை விட்டுவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

வெகு காலத்துக்கு முன் வெண்ணாவல் நாட்டை ஆண்ட கனகசேன ராசாவுக்கு நட்சத்திரக் கோரை என்றால் உயிர். மழைக்காலத்தில் குளக்கரை நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். நட்டு வளர்த்தவர் மந்திரி கூத்தபிரான். அரண்மனை அதிகாரி வீரபுசங்கருக்கு அது பொறுக்கவில்லை. கோடையில் மந்திரி எல்லைப்புறம் போயிருந்த நேரம், "கரையில் களை மண்டிவிட்டது ராசா, நான் சுத்தம் செய்கிறேன்" என்று வலியப் போய் நின்றார். பூவில்லாத பருவம். கொழுத்து நின்றதைக் கோரை என்று விட்டார். மெலிந்ததைக் களை என்று பிடுங்கிக் குவித்தார்.

மந்திரி திரும்பி வந்து குவியலைப் பார்த்தார். வேரில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. இன்றைக்கே நட்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் போச்சு. நேரே சபைக்குப் போய், பிடுங்கிக் குவித்ததுதான் கோரை என்று சொன்னார்.

வீரபுசங்கர் சிரித்தார். "பூக்கிறதெல்லாம் பத்திரமாகக் கரையில் நிற்கிறது ராசா. மந்திரிக்குப் பயணக் களைப்பு."

ராசாவுக்குக் குழப்பம் வந்தால் கூடவே கோபமும் வரும். "பொய் சொன்னவர் இன்றே நாட்டைவிட்டுப் போகவேண்டும்! எது கோரை? எனக்கு இரண்டும் பச்சையாகத்தான் தெரிகிறது."

"கண்ணை மூடிக்கொள்ளுங்கள் மகாராசா" என்றார் மந்திரி.

"விளையாடுகிறீரா?"

"ஆமாம். நீங்களும் வாருங்கள்."

ராசா கண்ணை மூடினார். கரையில் நின்ற தண்டு ஒன்றை ஒடித்துவரச் செய்து, மந்திரி அவர் விரல்களுக்கு நடுவே வைத்தார். "உருட்டுங்கள்."

"வழுவழுவென்று உருளுகிறது. நடுவில் ஏதோ முடிச்சு."

"கணு. அது புல். இப்போது குவியலில் இருந்து ஒன்று."

"உருளமாட்டேன் என்கிறதே! கணுவும் இல்லை. அட, முக்கோணமாக மூன்று பட்டை!"

"அதுதான் உங்கள் கோரை."

"பொறுக்கி எடுத்த ஒன்றைக் காட்டுகிறார்!" என்று வீரபுசங்கர் கத்தினார்.

ராசாவே குளக்கரைக் குவியலுக்கு ஓடினார். சபையும் பின்னால் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டே கைக்கு வந்ததை எல்லாம் உருட்டினார். அத்தனையும் மூன்று பட்டை. "கூத்தபிரானே, இத்தனை வருஷமும் நான் வெறும் பூவைத்தான் பார்த்திருக்கிறேன்!" என்றார். பிறகு ஒரு தண்டை அதிகாரியிடம் நீட்டினார். "நீரும் உருட்டும்."

வீரபுசங்கர் உருட்டினார். உருளவில்லை.

"என்ன ஐயா, தொண்டையில் கணு விழுந்துவிட்டதா? மூட்டையைக் கட்டும்."

"நாளைக்குப் போகட்டும் மகாராசா. இப்போது எனக்கு ஆள் வேண்டும். பிடுங்கின கை நடட்டும்" என்றார் மந்திரி.

ராசா தன் பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார். மந்திரி அதைக் குளத்தில் முக்கிக் கோரை வேருக்குப் போர்த்தினார். சபை அதிர்ந்தது. ராசா விழுந்து விழுந்து சிரித்தார்.

முழங்கால் சேற்றில் நின்று வீரபுசங்கர் நட்டார். இருட்டுவதற்குள் முடிந்தது. மழைக்காலம் வந்தது. கரை முழுக்க வெள்ளை.

பார்க்க வந்தவர்கள், "ராசா தோட்டம் என்றால் ராசா தோட்டம்தான்!" என்றார்கள்.

"என் தோட்டமா?" என்றார் ராசா. "கூத்தபிரான் தோட்டம்."