பெயர் ஏற்க ஆளில்லாத பீப்பாய்

சிசிலிக்கு வடக்கே கடலுக்குள்ளிருந்து தலை நீட்டும் எரிமலைத் தீவுகளில் ஒன்று. மண் கறுப்பு, கையில் அள்ளினால் சாம்பலாக உதிரும். அங்கே விளையும் திராட்சையை உடனே பிழிவதில்லை. நாணல் தட்டிகளில் பரப்பி, தோல் சுருங்கும்வரை வெயிலில் காயவைத்த பிறகே பிழிகிறார்கள். அந்த வைனின் இனிப்பெல்லாம் அந்த வெயில்தான். காயும் நாளில் மழை விழுந்தால் பழம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு வருட உழைப்பு அதோடு சரி.

இளவேனில் திருநாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வைன் செய்தவர் கோயில் படியில் ஏறி, ஊர் கேட்கத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்படாத வைனை எந்த வீட்டிலும் ஊற்றமாட்டார்கள். திருநாளுக்கு அடுத்த நாள் வரும் வியாபாரி அதை வாங்கிப்போய், ஏதாவது மட்ட வைனுக்குள் கலந்துவிடுவான்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அங்கே கூலிக்கு வேலை செய்த இலங்கை மன்னார்க்காரர் அருளப்பு. தீவுக்காரர் பேச்சையும் அவர் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.

அருளப்புவின் முதலாளி பார்த்தோலோ. மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ரொசாரியாவுடையது. மதில் யாருடையது என்ற வழக்கில் இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை. பார்த்தோலோவின் தட்டிகள் நீளமானவை. தூக்க இருவர் வேண்டும். ரொசாரியா தன் தட்டிகளை ஓராள் தூக்கும் அளவிலேயே கட்டியிருந்தாள். உதவிக்கு ஆள் கூப்பிடுவது அவள் பழக்கமில்லை.

பழம் காய்ந்து முடிகிற வாரத்தில், மனைவியின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை என்று பார்த்தோலோ படகேறினார். "முகில் கண்டால் எல்லாத்தையும் உள்ளே எடு" என்றார். "நான் இருக்கிறன்" என்றார் அருளப்பு.

முகில் மத்தியானத்தில் வந்தது. ரொசாரியா தன் பழத்தை எடுத்துக் கொட்டிலில் அடுக்கிவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பக்கம் அருளப்பு ஒரு தட்டியின் ஒரு தலைப்பைத் தூக்க, மறு தலைப்பால் பழம் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு மதிலைத் தாண்டினாள்.

"அந்தத் தலைப்பைப் பிடி. என்ர கொட்டிலுக்கு. அவன்ர கொட்டில் மலை உச்சியிலை. ஏறி முடிய முன்னம் எல்லாம் கஞ்சியாப் போயிடும்."

"சிஞ்ஞோரா, அவர் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"அவனுக்கு ஆர் செய்யிறது? திராட்சைக்குச் செய்யிறன். அது என்னோடை கோவமில்லை."

கொட்டிலில் தட்டிகளை அடுக்கும் அவளுடைய மரச்சட்டம் அவ்வளவு பாரம் தாங்காது. அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அடுக்கினாள். கடைசித் தட்டி ஏறியதும் சட்டம் முறிந்து, அவள் பொறுக்கியெடுத்த பழமும் பார்த்தோலோவின் பழமும் ஒரே குவியலாகின. வெளியே மழை ஊற்றியது. ஊரில் மற்ற எல்லார் பழமும் அன்றைக்கே போயிற்று.

திரும்பி வந்த பார்த்தோலோவிடம், தராசைக் கொண்டுபோய்த் தன் பங்கை நிறுத்து எடுக்கச் சொன்னார்கள் ஊரார். "மதிலுக்கு நான் சாகும்வரை வழக்காடுவன். இதுக்குத் தராசு தூக்கேலாது" என்றுவிட்டார். அவள் கொட்டிலில் அவர் கால் வைப்பதில்லை, அவர் பழம் கலந்த குவியலை அவள் தனியே தொடுவதில்லை என்பதால், பிழிந்ததும் மாரிக்காலம் முழுவதும் பீப்பாயைப் பார்த்துக்கொண்டதும் அருளப்புதான். பார்த்தோலோ கொடுத்த சம்பளத்துக்கு.

திருநாளுக்கு முந்திய நாள் பாதிரியார் ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு சொட்டும் வைத்தார். பிறகு, "இதை வியாபாரிக்குக் குடுத்தால் எனக்கே பாவமன்னிப்புக் கிடையாது. ஆர்ர பேர்?" என்று கேட்டார்.

"அவன்ரதான்" என்றாள் ரொசாரியா. "பழத்திலை பெரும்பங்கு அவன்ரை. மற்றவன் பழத்திலை பேர் ஒட்டிக்கொள்ள நான் பஞ்சப்பட்டுப் போகேல்லை."

"என்ர பழம் மழையோடை செத்தது" என்றார் பார்த்தோலோ. "செத்ததுக்கு நான் பேர் கேக்கிறேல்லை. அருளப்புவின்ர பேரைச் சொல்லுவம். மாரி முழுக்கப் பாத்தவன் அவன்."

"ஓம், அவனே சொல்லட்டும்" என்றாள் ரொசாரியா. மதில் வழக்கு தொடங்கிய நாள்முதல் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அருளப்பு சிரித்தார். "உங்கட மதில் காணாதெண்டு என்னையும் நடுவிலை நிப்பாட்டப் பாக்கிறியள். நான் சொன்ன சொல்லைக் காத்தன், சம்பளமும் வாங்கினன். மற்றவையின்ர பிள்ளைக்கு என்ர பேரை வைக்கேலாது."

விடிந்தால் திருநாள். மூவரும் தலை நிமிர்ந்து மறுத்துவிட்டார்கள். இனி நீங்கள் சொல்லுங்கள்: அந்த வைன் யாருடைய பெயருக்கு உரியது?

விடை: ரொசாரியாவின் பெயருக்கு. அருளப்பு செய்தது பெரிய வேலைதான். ஆனால் வாக்குக் கொடுத்தவர் செய்தே ஆகவேண்டிய வேலை. பார்த்தோலோ விட்டுக்கொடுத்தது, தாமே இழந்துவிட்டதாக எண்ணிய ஒன்றை. ரொசாரியாவின் பழமோ நனையாமல் உள்ளே இருந்தது. யாருக்கும் அவள் வாக்குக் கொடுக்கவில்லை. முறியும் என்று தெரிந்த சட்டத்தில், தன்னுடையதின் மேலேயே பகையாளியின் பழத்தை ஏற்றியவள் அவள் ஒருத்திதான். பார்த்தோலோவுக்கும் இது விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் அவர் படியேறினார். தன் பெயரைச் சொல்லப்போகிறார் என்றுதான் ஊர் நினைத்தது. "ரொசாரியா" என்றார், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"சத்தம் காணாது, பார்த்தோலோ" என்றது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "இஞ்சை கேக்கேல்லை."


அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்.